நூற்றுப்பத்து கிராம்

நான்காவது சக்கரத்தைப் பாலன்சிங் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டபோது திரையில் நூற்றுப்பத்து என்று விழுந்தது. மற்ற மூன்றும் இருபது, இருபத்தைந்து கிராம் எடையை ஒட்டியதும் அடங்கிவிட்டிருந்தன. நிறுத்தி மறுபடி சுற்றினேன். அதே நூற்றுப்பத்து. சக்கரத்தின் உட்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் ஓரிடத்தில் ஆறிய தழும்பு போல ஒரு மேடு தட்டியது. எப்போதோ உடைந்ததைப் பற்றவைத்து, தேய்த்து, வண்ணம் பூசிக் கார் சந்தையில் யாரோ சகின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சகின் என்னோடு பள்ளியில் படித்தவன். பிஷ்கெக்கில் நான் டயர் கடை போட்ட நாளிலிருந்து அவனுடைய ஜப்பான் காரில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. லேசான அலாய் வீல் போட வேண்டும் என்று நான்கு மாதமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சக்கரத்துக்கு மூணரை கிலோ குறையுதுடா கலிச். நாலுக்கும் பதினாலு கிலோ!"

"பதினாலு கிலோ குறைக்கணும்னா ராத்திரி ரொட்டிய நிறுத்து. உன் தொப்பையிலயே குறையும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. நம் ஊர் ரோட்டுக்கு இரும்புதான் சரி, பள்ளத்தில் விழுந்தால் இரும்பு வளையும், சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம், இது உடையும் என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னேன். ஒரு கட்டத்தில் அது அறிவுரையாக இல்லை. யார் ஜெயிப்பது என்றாகிவிட்டது.

அதனால்தான் அந்த மேட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். வெளியே சகின் தன் மனைவி புருலுக்கு மற்ற மூன்று சக்கரங்களையும் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். இப்போது போய்ச் சொன்னால், தோற்றவன் கடைசியாகக் கண்டுபிடித்த குறை என்றுதானே நினைப்பான்? ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று எடையை ஒட்டினேன். அந்தச் சக்கரத்தை முன்பக்கம் மாட்டவில்லை, அங்கே சின்ன நடுக்கமும் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும். பின்னால், இடப்பக்கம் மாட்டினேன். ஒன்றும் தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

ஊருக்கு வெளியே வரை அவன் என்னை ஓட்டச் சொன்னான். துளி நடுக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால், கார் வேறு காராக இருந்தது. ஸ்டீயரிங் சொன்னதும் கேட்டது. உடைந்த தாரின் மேல் சக்கரங்கள் தொம்மென்று விழாமல் தொட்டுத் தொட்டுப் போயின. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து, செய்து பார்க்காமலே பேசியிருக்கிறேன்.

"இப்ப சொல்லு," என்றான் சகின்.

"நல்லாருக்குடா."

"இன்னொரு தரம் சொல்லு. புருல், நீ சாட்சி!"

அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டுப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. நாளைக்குப் போன் செய்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்தேன். நாளை வாரமாயிற்று.

மூன்றாம் வாரம் புருலின் அம்மா வீட்டுக்கு, இசிக்குல் ஏரிப் பக்கம் போனார்கள். திரும்பி வரும்போது மலையிடுக்கில் ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லையாம். பின் இடது சக்கரம் இரண்டாகப் பிளந்து, கார் சுழன்று, இடப்பக்கத்தால் தடுப்பில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் புருல்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. அவள் தையல் பட்டறையில் வேலை செய்பவள். தையலில் துணியை நடத்துவது இடது கைதான்.

ஆகஸ்டில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். நான் உட்காருமுன்னே சகின் அவரிடம் ஆரம்பித்துவிட்டான்.

"இவன்தான் கலிச். நாலு மாசம் தலையால அடிச்சுக்கிட்டான், வேணாம்டான்னு. கேட்டனா? என் புத்திய செருப்பால அடிக்கணும்."

"சகின், அது அப்படியில்ல..." என்றேன்.

"சும்மா இருடா. நீ சொன்ன, நான் கேக்கல. அவ்வளவுதான்."

புருல் எனக்குத் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தைத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு மாட்டும்போது எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"அவன் என்னடி பண்ணுவான்? வாங்குனது நானு," என்றான் சகின்.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ரோடு போடுபவர்களைத் திட்டத் தொடங்கினார். நான் தேநீரைக் குடித்து முடித்து எழுந்தேன்.

வாசலுக்குப் புருல் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். ஏரிப் பக்கத்து ஆப்ரிகாட், அம்மா அனுப்பியது, குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றாள். பை வாய் திறந்திருந்தது. முடிந்து தரப் பார்த்தாள். இடது கை ஒத்துழைக்கவில்லை. நான் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை. பையின் ஒரு காதைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு காதை வலது கையால் சுற்றி இழுத்து, என் முகத்தைப் பார்த்தபடியே மெல்ல முடிச்சை இறுக்கினாள்.