கோட்டில் விழுந்த பந்து

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அபுதாபி முசஃபாவில் வெல்டராக இருக்கும் ஜெயசீலன் ஒரு வெள்ளிக்கிழமை டீ வாங்கிக் கொடுத்து, தன் மனைவி உமாராணி சரியாகத் தூங்குவதே இல்லை என்றான். காரணம் டென்னிஸாம். எனக்குப் புரையேறிவிட்டது.

2

ஆர்மீனியாவின் பனிமலை அடிவாரத்தில் நாரினே என்றொரு சிறுமி

(வேண்டாம். நான் பனியை ஃப்ரீசரில்தான் பார்த்திருக்கிறேன்.)

நாரினே பதினைந்து வருஷம் ஊர் ஊராக ஆடியவள். பெரிய கோப்பை எதுவும் இல்லை, முட்டியில் ஆபரேஷன்தான் மிச்சம். 2003இல் அபுதாபியில் ஒரு சின்னப் போட்டி. ஜெயித்தால் இன்னொரு வருஷம் ஆடுவது, தோற்றால் மட்டையை வைத்துவிடுவது என்று வந்தாள்.

3

அது பெண்கள் மட்டும் நுழையும் கிளப். (நான் உள்ளே போனதில்லை. சொன்ன ஜெயசீலனும் போனதில்லை!) கோடு பார்க்க வேண்டியவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள், ஆண்களைக் கூப்பிட வழியில்லை. ஆடுகிறவர்களுக்குத் துண்டு கொடுக்கும் வேலையிலிருந்த உமாராணியை ‘யல்லா, வா வா’ என்று இழுத்துவந்து நிறுத்தினார்கள். பந்து வெளியே போனால் கையை நீட்டு, அவ்வளவுதான் என்றார்கள்.

நாரினே அடித்த கடைசிப் பந்து எதிர்க்கோட்டின் மேலேயே விழுந்தது. உமாராணி பரமக்குடித் தெருவில் சில்லுக்கோடு ஆடி வளர்ந்தவள். அதில் கோட்டை மிதித்தாலும் அவுட், எறிந்த சில்லு கோட்டில் விழுந்தாலும் அவுட். கையை நீட்டினாள். தூரத்திலிருந்த நாரினே நம்பிவிட்டாள். ஆட்டம் கலாஸ், நாரினே தோற்றாள்.

4

நாரினே அங்கேயே கோச் ஆனாள். கோட்டில் பட்டால் உள்ளேதான் என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டபோதுதான் உமாராணிக்கு விஷயம் விளங்கியது. அன்றிலிருந்து துண்டை நீட்டும்போதெல்லாம் நாரினேவின் முகத்தைப் பார்ப்பதில்லை. சொன்னால் வேலை போகும், விசா போகும். சொல்லாவிட்டால் தூக்கம் போகும்.

“நீங்க ஒரு முடிவ எழுதிக் குடுங்கண்ணே. படிச்சுக் காட்டுறேன். சொல்றதா வேணாமான்னு அவளே பாத்துக்கட்டும்” என்றான் ஜெயசீலன்.

5

நாரினே அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (சினிமா.)

நாரினே நேராக மேனேஜரிடம் (மனசு வரவில்லை.)

சரி, இது கடைசி. இங்கிலீஷ் போதாமல் உமாராணி கோர்ட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் கட்டம் போடுகிறாள். சில்லை எறிந்து நொண்டிக் காட்டுகிறாள். வேண்டுமென்றே கோட்டை மிதித்து, அன்று போலவே கையை நீட்டுகிறாள்.

“மேடம், எங்க ஊர்ல இப்பிடித்தான். அன்னைக்கு நீங்க தோக்கல.”

தமிழ் புரியாவிட்டாலும் அந்தக் கை நாரினேவுக்குப் புரிகிறது. குனிந்து சாக்பீஸ் கோட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகு உமாராணியின் சில்லை வாங்கி எறிகிறாள். அது சரியாகக் கோட்டின் மேல் போய் உட்காருகிறது.

இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், என்னை அல்ல. கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது நிற்பது நீங்கள்தான். எந்த ஊர்ச் சட்டப்படி சொல்லப்போகிறீர்கள்?