சட்டைக் கையை மடிப்பவள்

1

இந்தக் கதை என் தங்கையிடம் கேட்டு வாங்கியது. கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டாள்: வரிக்கு வரி வாசித்துக் காட்ட வேண்டும், பிடிக்காததைக் கோடு போட்டு அடித்துவிடுவாள். அடித்தவற்றையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: எழுதுவதே ஒரு வகையான சுயதீங்குதான் என்று...

(அடித்துவிட்டாள். அந்த வார்த்தையைத் தமாஷுக்குத் தொடாதே என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: காதலில் தோற்ற அந்தப் பெண்...

(எந்தக் காதல், யாரோடு என்று கேட்டாள். அதை நானே அடித்துவிட்டேன்.)

2

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தங்கைக்கு ரொட்டிக்கடையில் வேலை. மாவில் கை வைப்பவர்கள் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட வேண்டும் என்று அங்கே புதிதாகச் சட்டம் வந்தது. அவள் கைகளில் ஆறிய தழும்புகள் இருக்கின்றன, அவளே உண்டாக்கிக்கொண்டவை. மடிக்கச் சொன்ன அன்றே வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

அந்தத் தழும்புகளுக்கு வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். மாமா தற்கொலை முயற்சி என்றார். சித்தி நாடகம் என்றாள். அம்மா பெயரே வைக்காமல் அழுதாள். அவள் போய்ப் பார்க்கும் மனநல ஆலோசகர்தான் சுயதீங்கு என்றார்: தாங்க முடியாத மனவலியைச் சமாளிக்க வேறு வழி தெரியாமல் உடம்பை நோகடித்துக்கொள்வது. சாகும் எண்ணம் இல்லாமலும் இருக்கலாம்.*

*அதற்காக அது சின்ன விஷயம் ஆகிவிடாது. வாரம் தவறாமல் அவரிடம் ஏன் போகிறாள் என்று நினைக்கிறீர்கள்?

சித்தி கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். நாடகம் என்று நினைப்பவர்கள் கைதட்டுவார்கள், இல்லையென்றால் பாதியில் எழுந்து போவார்கள். பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். எனக்கு அந்த வார்த்தை மீது அவ்வளவு ஆத்திரம்.

3

முடிவுகளுக்கு வருவோம்.

(அ) அவள் இறந்துபோக, எல்லோரும் வருந்தி...

"அண்ணா, நான் உயிரோட இருக்கறது உன் கதைக்கு இடைஞ்சலா இருக்கா?"

(ஆ) தழும்புகள் மெல்ல மறைந்து, அவள் சிரித்தபடி...

"தழும்பு எங்கயும் போகாது. நான்தான் போறேன். திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்கு வரேன்னு கடையில சொல்லிட்டேன். கையை மடிச்சுவிட்டுக்கிட்டுத்தான் நிப்பேன்."

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம்தான். யாராவது கேட்டா, ஒரு காலத்துல ரொம்ப வலிச்சுது, இப்ப உதவி வாங்கிக்கறேன்னு சொல்வேன். அதுக்கு மேல யாருக்கும் கணக்கு சொல்ல மாட்டேன்."

இந்த வரிகளில் அவள் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

4

இனி என்னிடம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை, மாவு மேசைக்கு முன்னால் நின்று அவள் சட்டைக் கையை மடிக்கிறாள். அதே மேசையில் எதிரே வேலை செய்பவர் நீங்கள். பார்த்துவிட்டீர்கள். நீங்கள் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். அவளிடம் நீங்கள்

(முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லப்போகும் முதல் வார்த்தைதான் முடிவு. பார்த்துச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் கோடு போட்டு அடித்துவிடுவாள்.)