பச்சைப் பொய்

கண் மருத்துவமனையின் சர்வர் அறைக்குள் கருவிப் பையோடு அவள் நுழைந்தபோது, அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமூட்டியது. ஒழுங்கான இயந்திரம் ஒரேயொரு ஸ்கேன் படத்தைத் திறக்க ஒரு யுகம் எடுக்குமா?

சர்வர் பழுது பார்ப்பது அவள் தொழில். மருத்துவமனையின் மேலாளரோ அவளுடைய அக்காளின் கணவர். பளபளவென்று இராத எதையும் பார்க்கப் பொறுக்காதவர். ஊழியர்கள் அவருக்கு இட்ட பெயரே 'பாலிஷ்'. அன்று பிற்பகல் ஆய்வுக் குழு வரவிருந்தது. தரை மின்னியது. கதவுக் கைப்பிடிகள் மின்னின. மின்னக் கூடாத இடமொன்றிலும் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. அது அக்காளின் வலது கண்.

விழித்திரையில் ஒரு கிழிசல். அது பழையதென்றால் காத்திருக்கலாம். புதியதென்றால் இன்றே அறுவை செய்தாக வேண்டும். எதுவென்று சொல்ல, சென்ற ஆண்டு எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும் என்றார் மருத்துவர். அந்தப் படமோ சர்வரை விட்டு வெளியே வர மறுத்தது. கண்ணில் சொட்டு மருந்தோடு மாடியில் காத்திருந்தாள் அக்காள்.

"எல்லாம் பச்சையாத்தான் எரியுது, போன்லயே சொன்னேனே மச்சினி! நீதான் நம்பல," என்றார் கூடவே வந்திருந்த மேலாளர்.

"பச்சையா எரிஞ்சா படம் ஏன் மாமா திறக்கல?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்னைக் கூப்பிட்டது? எனக்கே தெரிஞ்சா உன்கிட்ட ஏன் வசவு வாங்குறேன்?"

இயந்திரத்தின் உள்நிலை காட்டும் திரையைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டாள். முன்பு வேலை பார்த்தவர் வைத்த சொல்லாம். வேலையை விட்டுப் போனபோது அதையும் தம்மோடு கொண்டுபோய்விட்டாராம். எச்சரிக்கை மின்னஞ்சல் வருமே என்றாள்.

"வந்துச்சு. தினமும் வந்து உயிரை வாங்குச்சு. நிறுத்திட்டேன்."

"கோளாறுன்னா பீப் பீப்னு கத்துமே?"

"கத்துச்சு. பஞ்சு வெச்சு அடைச்சேன். கண் ஆஸ்பத்திரியில பஞ்சுக்கா பஞ்சம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இனி எஞ்சியிருந்த சாட்சி விளக்குகள் மட்டுமே. படங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் ஒரு சிறு விளக்கு. பச்சை என்றால் நலம். மஞ்சள் சிமிட்டினால் டிஸ்க் சாகக் கிடக்கிறது. மஞ்சள் நிலைத்து நின்றால் செத்துவிட்டது. முகம் பார்த்துப் பேசத் தெரியாத சாட்சி அது. பதவி பார்த்து நிறம் மாற்றாத சாட்சி. அந்தச் சாட்சியும் இன்று வரிசை வரிசையாய்ப் பச்சை என்றது. மின் இணைப்பைச் சோதித்தாள், சரி. கம்பிகளைச் சோதித்தாள், சரி. எல்லாமே சரியென்றால் அக்காளின் படம் எங்கே?

"மாமா, ரூம் லைட்டை அணைங்க."

"எதுக்கு? இப்பத்தான் புது பல்பு போட்டிருக்கு..."

"அணைங்கன்னா அணைங்க!"

சன்னல் இல்லாத அறை இருண்டது. உழைக்கும் டிஸ்க்குகளின் பச்சைகள் இருளில் ஒளிர்ந்தன. வரிசையில் இரண்டு பச்சைகள் மட்டும் அறை விளக்கோடு சேர்ந்து அணைந்துபோயிருந்தன. அவை இருந்த இடத்தில் இருட்டு. இருட்டின் ஓரத்தில் மயிரிழையாய் மஞ்சள் ஒளிக்கசிவு.

விளக்கைப் போட்டாள். நகத்தால் சுரண்டினாள். வட்டமாக ஒன்று உரிந்து விரல் நுனியில் ஒட்டியது.

"என்ன இது?"

மேலாளர் கூரையைப் பார்த்தார். "ஸ்டிக்கர்."

"ஸ்டிக்கரா!"

"குழு வர்ற நேரத்துல மஞ்ச மஞ்சளா எரிஞ்சா அசிங்கமா இருக்காதா? கலர் கூட பொருத்தமா பார்த்துத்தான் வாங்கினேன்."

"பச்சைப் பொய்னு கேள்விப்பட்டிருக்கேன் மாமா. அதை அட்டை அட்டையா கடையில விக்கிறாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும்!"

நோயை எதிர்க்கத் துணிவில்லாதவன் நோயைச் சொன்ன வாயைப் பொத்துகிறான். பொத்திய கைக்கு நிர்வாகம் என்று பெயரும் சூட்டுகிறான்!

இரண்டாவது ஸ்டிக்கரையும் உரித்தாள். ஒரு மஞ்சள் அசையாமல் நின்றது, மற்றது சிமிட்டியது. எல்லா டிஸ்க்குகளும் சேர்ந்து சுமக்கும் பல்லக்கு இது. ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்குவார்கள். இரண்டாமவரும் விழுந்தால் பல்லக்கே கவிழும். இந்த மருத்துவமனை பார்த்த அத்தனை கண்களின் வரலாறும் மண்ணாகும்.

"சிமிட்டுறதுதானே வம்பு பண்ணுது? பிடுங்கிடுவோம்!" மேலாளரின் கை அதன் பிடியை நோக்கி நீண்டது.

"கையை எடுங்க! நின்னு எரியிறது செத்தது. சிமிட்டுறது சாகப் போறது. ஆனா அது இன்னும் உயிரோட சுமக்குது. அதைப் பிடுங்கினா அக்கா படமும் போச்சு, ஊர் படமும் போச்சு."

அவர் முகத்தில் அப்போதுதான் அச்சம் தெரிந்தது. "வேண்டிக்கவா?"

"வேண்டினா டிஸ்க் ஓடாது. பாரத்தைக் குறைக்கணும். எல்லா ரூம்லயும் கம்ப்யூட்டரை மூடச் சொல்லுங்க. முதல்ல அக்கா படம், அப்புறம் எல்லார் படமும் நகல் எடுத்துட்டுத்தான் செத்ததை மாத்தணும்."

"மூடச் சொன்னா ஏன்னு கேப்பாங்களே. அதுவும் இன்னிக்கு..."

அந்நேரம் அவருடைய கைப்பேசி ஒலித்தது. அக்காளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "மின்னல் கூடிக்கிட்டே போகுதுங்க. இப்ப ஓரத்துல கறுப்பா திரை வேற விழுது. கண்ணுல வெளிச்சம் வெட்டுதுன்னு போன வாரமே சொன்னேன். ஒண்ணுமில்ல, டி.வி.யை அணைச்சிட்டுப் படுன்னீங்க."

தங்கை அவரையே பார்த்தாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த பச்சை வட்டத்தை அவர் முன் நீட்டினாள். "இதையும் கொண்டுபோய் அக்கா கண்ணுல ஒட்டிடுங்க."

அவர் விறுவிறுவென்று வரவேற்பு மேசைக்கு நடந்தார். சற்று நேரத்தில் மாடிதோறும் ஒலிபெருக்கி முழங்கியது: "சர்வர் கெட்டுப்போச்சு. பராமரிப்புன்னு சொல்லி மழுப்பல, கெட்டேபோச்சு. எல்லாரும் கம்ப்யூட்டரை உடனே மூடுங்க."

பாரம் இறங்கியது. எறும்பூர்வதுபோல் ஊர்ந்த படம் முழுதாக வந்து சேர்ந்தது. மருத்துவர் இரண்டு ஸ்கேன்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கிழிசல் புதியது. அக்காளை நேரே அறுவை அறைக்கு அழைத்துச் சென்றார்கள். கீழே சாகக் கிடந்த டிஸ்க் கடைசி நகல் முடியும்வரை தாக்குப்பிடித்தது. அதன் பிறகே செத்ததை உருவிப் புதியதைச் செருகினாள். ஆய்வுக் குழு எட்டிப் பார்த்தபோது, சாகப் போகும் டிஸ்க்கின் விளக்கு மஞ்சளாகவே சிமிட்டிக்கொண்டிருந்தது. மேலாளரின் கை சட்டைப் பையிலிருந்த ஸ்டிக்கர் அட்டையைத் தொட்டது. மச்சினி முறைத்தாள். கை வெறுங்கையாகத் திரும்பியது.

மாலையில் கண்ணில் கட்டோடு படுத்திருந்த அக்காள் கேட்டாள்: "சர்வர் என்னங்க ஆச்சு?"

"எல்லாம் பச்..." என்று தொடங்கியவர் திருத்திக்கொண்டார். "ஒண்ணு இன்னும் மஞ்சளாத்தான் சிமிட்டுது. நாளைக்கு அதையும் மாத்தணும்."

"சரி, என் கண்ணு? டாக்டர் என்ன சொன்னார்?"

"கிழிசலை ஒட்டியாச்சாம். கட்டு பிரிச்சாத்தான் முழுசா தெரியுமாம்."

அக்காள் தங்கையின் கையைத் தேடிப் பிடித்தாள். "பரவால்லடி. இப்பத்தான் இந்த மனுஷன் சொல்றதை நம்ப முடியுது."