கேள்விக்காரியின் ஏழாவது வீடு

காலையிலிருந்து ஒரே பல்லவி. முதல் கேள்விக்கும் ஆமாம், இரண்டாம் கேள்விக்கும் ஆமாம்.

முதல் கேள்வி: பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம் என்ற புதிய விதி நல்லதா? "பின்னே, நல்லதுதானே!" இரண்டாம் கேள்வி: எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்ற பழைய விதி நல்லதா? "அதுவும் நல்லதுதான்!" ஒரே வாய், ஒரே மூச்சு. இதை எந்தக் கட்டத்தில் போட்டு எப்படிக் கூட்டித் தொலைப்பது? கேள்விக்காரிக்கு மண்டை காய்ந்தது.

கேள்விக்காரி என்பது தெரு வைத்த பெயர். கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிளிப் போட்ட அட்டை, அதில் படிவங்கள். சோப்பு, பற்பசை, பஸ் நேரம் என்று எத்தனையோ கேட்டாகிவிட்டது. பற்பசையைப் பற்றிக் கேட்டால் ஜனங்கள் பளிச்சென்று சொல்கிறார்கள். பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். சரி, விழிக்கிறவர்களுக்குத் 'தெரியாது' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் போடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. 'தெரியாது' அதிகமானால் மேற்பார்வை மேடம் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

கணிப்பு எடுக்கச் சொந்தத் தெருவை யாருக்கும் கொடுப்பதில்லை. இந்தத் தெருவுக்கு இருந்தவள் காலைச் சுளுக்கிக்கொண்டாள். "உன் தெருதானேம்மா, பேச்சு ஈசியா வரும்" என்று மேடம் இவள் தலையில் கட்டிவிட்டார். பேச்சு ஈசியாகத்தான் வந்தது. பொய்யும் ஈசியாகத்தான் வந்தது என்பது சாயங்காலம்தான் இவளுக்குத் தெரியப்போகிறது.

விஷயம் இரண்டு பள்ளிகளைப் பற்றியது. தெருமுனையில் மஞ்சள் பள்ளி. சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடித்ததால் அந்தப் பெயர். மணி அடித்தால் இவள் சமையலறைக்குக் கேட்கும். அறிவியலுக்கு இரண்டு வருஷமாக ஆசிரியர் இல்லை, மழைக்கு ஒரு வகுப்பு ஒழுகும். இன்னொன்று மேட்டுப் பள்ளி. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பெரிய மைதானம், ஆய்வுக்கூடம், நல்ல பேர். ஆனால் இடம் கொஞ்சம்தான். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆட்கள் குறைந்துபோனால் மஞ்சள் பள்ளியை மூடிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு.

ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கிறவளுக்குச் சொந்தத் தலைவலி ஒன்று பீரோவுக்குள் கிடந்தது. மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி விருப்பப் படிவத்தை இன்று ஐந்து மணிக்குள் கல்வி அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு வாரமாக அது வெறுமையாகவே கிடக்கிறது. இவளுக்கு மேட்டுப் பள்ளி மேல் ஆசை. புருஷன் ஒரே ஒரு தடவை, "பக்கத்துலயே போகட்டுமே" என்றான். அதற்கு இவள் ஒரு மணி நேரம் பதில் சொன்னாள். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான். மகளோ திங்கட்கிழமை மேட்டுப் பள்ளி என்பாள், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்குமாம். செவ்வாய்க்கிழமை மஞ்சள் பள்ளி என்பாள், பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு நடந்து போகலாமாம். யார் கேட்டாலும் இவள் சொல்வது ஒன்றுதான். "அவர் பிடி குடுக்க மாட்டேங்கிறார். நான் என்ன செய்ய?"

ஏழு வீட்டுக்கு ஒரு வீடு என்பது கணக்கு. மத்தியானம் எண்ணிக்கொண்டே வந்தவள் ஒரு கதவின் முன் நின்று திருதிருவென்று விழித்தாள். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. அது அவள் வீடு.

மேடத்துக்குப் போன் போட்டாள். "மேடம், ஏழாவது வீடு என் வீடா வருது."

"வீட்டுல ஆள் இருக்கா?"

"வீட்டுக்காரர் இருக்கார். லீவு."

"அப்புறம் என்ன? கேளு. வீட்டை மாத்தினா சாம்பிள் கெட்டுடும். கேள்வியை அப்படியே வாசிக்கணும். எதிர்த்துப் பேசக் கூடாது, முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாது. முதல்ல வர்ற பதில்தான் பதில். புரிஞ்சுதா?"

பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேக்கரி அக்காவுக்கு ஒரே சிரிப்பு. அவள் மகள்தான் இவள் மகளுக்கு உயிர்ச் சிநேகிதி. "என்னையும் எழுதிக்கோடி. எங்க ஓட்டு மஞ்சள் பள்ளிக்குத்தான். நம்ம தெருப் பள்ளிக்கூடத்தை நாமளே கைவிட்டா எப்படி?"

"நீங்க ஏழாவது வீடு இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். லீவு நாளிலும் கை சும்மா இருக்காது. மிக்ஸியைப் பிரித்துத் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தான். "சாவி இல்லையா உங்கிட்ட?"

"வேலையா வந்திருக்கேன். பள்ளித் தேர்வு விதி பத்தின கருத்துக்கணிப்பு. பத்து நிமிஷம் ஒதுக்க முடியுமா?"

அவன் ஏற இறங்கப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துத் துடைத்துப் போட்டான். "உட்காருங்க மேடம்."

முதல் கேள்விக்கு ஆமாம் என்றான். இரண்டாவதற்கும் ஆமாம் என்றான். நீயுமா என்று வாய் வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் முக்கியமாகப் பார்ப்பது என்ன?"

"கூட யார் போறாங்கன்னு பார்ப்பேன்."

அவ்வளவுதான் சொன்னான். மற்ற நாளாக இருந்தால் அந்த இடைவெளியில் இவள் புகுந்து பேசி முடித்திருப்பாள். பதில் முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்பது வேலையின் விதி. காத்திருந்தாள். அவன் ஸ்க்ரூ ஒன்றை உள்ளங்கையில் உருட்டினான்.

"எங்கப்பா என்னைப் பெரிய ஸ்கூல்ல சேர்த்தார். ரெண்டு பஸ் மாறணும். அங்க எல்லாரும் அந்த ஏரியாப் பசங்க, நான் வெளியாள். சாயங்காலம் தெருவுக்கு வந்தா இங்க எல்லாரும் ஒரே ஸ்கூல், இங்கயும் நான் வெளியாள். ஆறு வருஷம். படிப்பைக் குறை சொல்லல, நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. தெருவுலேர்ந்து ஒருத்தன் கூட வந்திருக்கலாம். ஒரே ஒருத்தன் போதும்."

பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவளுக்கு இது புதுச் செய்தி. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். எழுதினாள். 'ஒரே ஒருத்தன்' என்ற இடத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. பாவம் மனுஷன் என்று தோன்றியது. அதையும் முகத்தில் காட்டக் கூடாது.

"உங்கள் வீட்டில் இந்த முடிவை எடுப்பவர் யார்? தந்தை, தாய், இருவரும், மற்றவர்."

"தாய்."

பேனா நின்றது.

"அவதான். படிவம் வந்த அன்னைக்கே நான் கையெழுத்துப் போட்டு வெச்சுட்டேன். அவ எதை எழுதினாலும் சம்மதம். என் பயத்தை அவ தலையில ஏத்த வேணாமேன்னு சும்மா இருந்தேன்."

மீதிக் கேள்விகளை எப்படிக் கேட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. முடித்ததும் பீரோவைத் திறந்தாள். படிவத்தின் அடியில் அவன் கையெழுத்து, முத்து முத்தாக. இரண்டு வாரமாக அவள் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் அவன் தடுக்கிறான், அவன் தடுக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஒரு சௌகரியம். இப்போது சண்டை போட ஆளில்லை. எது நல்லது என்று இவளுக்குத்தான் தெரியவில்லை.

"கேள்வி முடிஞ்சுது. இப்ப உங்க பெண்டாட்டியாக் கேக்கிறேன். இதை அன்னைக்கே சொல்ல வாய் வலிச்சுதா?"

"நீ எங்கே என்னைக் கேட்டே?" என்றான் அவன், மிக்ஸியைப் பார்த்துக்கொண்டு.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை. படிவங்களைப் புரட்டினாள். எந்தப் பள்ளி என்ற கேள்விக்குப் பதினொரு வீட்டில் ஒன்பது வீடு, எங்கள் பிள்ளை மஞ்சள் பள்ளிக்குத்தான் என்று சொல்லியிருந்தது. அப்படியானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். மகளுக்குத் துணைக்குப் பஞ்சமில்லை. முதல் கட்டத்தில் 'மஞ்சள் பள்ளி' என்று எழுதிவிட்டு ஓடினாள்.

கல்வி அலுவலகத்தில் நீண்ட வரிசை. பின்னால் வம்பு வரக் கூடாது என்று கவுன்டர் குமாஸ்தா ஒவ்வொரு படிவத்தையும் உரக்க வாசித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலுக்கு மைக்கே வேண்டாம். முன்னால் நின்ற சலவைக்கடைக்காரர், காலையில் நெஞ்சில் கை வைத்து மஞ்சள் பள்ளி என்றவர், படிவத்தை நீட்டினார்.

"முதல் விருப்பம் மேட்டுப் பள்ளி. சரிதானே?"

"சரிங்க."

அடுத்தது வங்கிக் காவலாளி. மேட்டுப் பள்ளி. அடுத்தது மாடி வீட்டு நர்ஸ். மேட்டுப் பள்ளி. திரும்பிப் போகும்போது ஒருவரும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. காவலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நடந்து கதவில் இடித்துக்கொண்டார். அடப் பாவிகளா, இந்தக் கையால்தானே எழுதினேன் என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் திரும்பினால், படிவத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேக்கரி அக்கா.

"நீங்களுமாக்கா?"

"என்னடி பண்றது? எல்லாரும் அங்கதான் போடறாங்க. எம்பொண்ணு மட்டும் தனியா நிக்கணுமா?"

இவள் முறை வந்துவிட்டது. கையில் பேனா இருந்தது. அடித்துவிட்டு மேட்டுப் பள்ளி என்று எழுதலாம். எழுதினால் குலுக்கல், யார் எங்கே விழுவார்களோ. எழுதாவிட்டால் மகள் மஞ்சள் சுவருக்குள் ஒற்றை ஆள். துணை இருக்கும் என்று நம்பித்தானே எழுதினாள், அந்தத் துணை மொத்தமும் இப்போது பஸ் ஏறிப் போகிறதே. முதலில் வந்த பதில்தான் பதில் என்று காலையிலிருந்து எத்தனை பேரை மிரட்டியிருக்கிறாள்! கை தானாகப் படிவத்தை நீட்டிவிட்டது.

"முதல் விருப்பம் மஞ்சள் பள்ளி. சரிதானே?"

வரிசையில் எல்லாத் தலையும் இவள் பக்கம் திரும்பியது. குமாஸ்தா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நிச்சயமாம்மா? அப்புறம் மாத்த முடியாது."

"தெரியலைங்க" என்றாள். "முதல்ல வந்த பதில் அதுதான். போட்டுடுங்க."

சீல் விழுந்தது. சுவரோரமாய் ஒதுங்கினாள். இருபது பெஞ்சு போட்ட வகுப்பில் மகள் மட்டும் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது. பெற்ற பிள்ளைக்கு நானே குழி தோண்டிவிட்டேனா என்று கண் கலங்கியது.

"ஏய், அந்தப் பேனாவை இப்படிக் குடு." அக்கா அதைப் பிடுங்கி, படிவத்தைக் கவுன்டர் மேல் வைத்து எதையோ அடித்து எதையோ எழுதினாள்.

"அடிச்சு எழுதியிருக்கீங்க. முதல் விருப்பம் மஞ்சள் பள்ளி. சரிதானே? நிச்சயமா?"

"எனக்கென்னப்பா தெரியும்? அவளைக் கேளு. ஊரையே கேள்வி கேக்கிறவ அவதானே!"

வாசலுக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது, நின்றது.

"குடுத்துட்டியா? எதை எழுதினே?"

"மஞ்சள் பள்ளி. சரியா தப்பான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

"கூட யார் போறாங்க?"

"பேக்கரி அக்கா பொண்ணு. ஒரே ஒருத்தி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேள்விக்காரி, வேலைப் பழக்கத்தில், குறுக்கே பேசாமல் காத்திருந்தாள்.