அறுத்து வைத்த புரி

கயிறு திரிப்பவரின் மகளுக்குப் பதினொரு வயதானபோது அரசன் அவர்களுடைய வழிபாட்டைத் தடை செய்தான். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கும்பிட்டவர்களைச் சிப்பாய்களிடம் காட்டிக்கொடுத்தவன், அவர்களோடு ஒரே பாயில் மண்டியிட்ட கொத்தன். அப்பாவின் உயிர் நண்பன். "மாமா, மாமா" என்று அவள் யாருடைய தோளில் ஏறி விளையாடினாளோ அந்த ஆள். அப்பா சிறையிலேயே இறந்தார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

நான்கு வருடம் கழித்துப் பட்டத்துக்கு வந்த புது அரசன் தடையை நீக்கினான். இடிபட்ட பிரார்த்தனைக் கூடத்தின் கோபுரத்தை மறுபடி எழுப்ப ஆள் தேடினார்கள். வந்து நின்றவன் அதே கொத்தன். அவ்வளவு உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கல் பதிக்க அவனை விட்டால் வேறு ஆள் இல்லை. கயிறு, அவள் வீட்டிலிருந்து.

அம்மா விடியற்காலையில் ஊரில் எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்வாள், அவனுக்காகவும். அன்று மகளுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைக் கொன்றவனுக்கு எதற்கு வேண்டுதல் என்று கத்தினாள்.

"எனக்கு மட்டும் லேசா வருதுன்னு நினைக்கிறியா?" என்றாள் அம்மா. "தினமும் பல்லைக் கடிச்சிக்கிட்டுதான் சொல்றேன்."

மகள் பட்டறைக்குப் போனாள். மூன்று சணல் புரிகளை இழுத்துக் கட்டினாள். அதில் ஒன்றை நடுவில் முக்கால்வாசி அறுத்து, அறுத்த வாய் உள்ளே போகும்படி மற்ற இரண்டோடு சேர்த்து முறுக்கினாள். மெழுகு தடவித் துணியால் தேய்த்தாள். அவன் விழுவதை மனதுக்குள் பலமுறை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் காலை கயிற்றை அவளே தோளில் சுமந்துபோனாள். கோபுரத்தடியில் ஒரு சிப்பாய் காவல் நின்றான். கொத்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை வாங்கி, முழம் முழமாக விரலால் நெருடிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. முறுக்கைப் பிரித்து உள்ளே பார்த்தான். பிறகுதான் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

சிப்பாய் என்னவென்று கேட்டான். கொத்தன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்குத் தூக்கு.

"சணல் ஈரமா இருக்கு. வேற கயிறு வேணும்," என்றான் கொத்தன்.

அவளுக்கு உயிர் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆத்திரம்தான் வந்தது. சிப்பாய் தண்ணீர் குடிக்க நகர்ந்ததும் கொத்தனை நெருங்கினாள்.

"அன்னைக்குச் சொன்ன இல்ல? இன்னைக்கும் சொல்ல வேண்டியதுதானே?"

"அன்னைக்கு அடி தாங்காம சொல்லிட்டேன். இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

"இதுக்காக மன்னிச்சிடுவேன்னு நினைக்காதே."

"நான் கேக்கலையேம்மா," என்றான். பழுதான கயிற்றைச் சுருட்டி, கையோடு எரித்துவிடச் சொல்லி அவளிடமே கொடுத்தான்.

அவள் எரித்தாள். எரியும்போது அழுகை வந்தது. அப்பாவுக்காகவா, கைநழுவிப் போன பழிக்காகவா என்று அவளுக்கே புரியவில்லை. கடவுளிடம் முதல்முறையாக வாய்விட்டுப் பேசினாள்: "அவனை எனக்குப் பிடிக்கல. பிடிக்க வைக்காதே. கயிறு மட்டும் ஒழுங்கா திரிக்கிறேன்."

இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக ஒன்று திரித்தாள். பட்டறை உத்தரத்தில் கட்டித் தானே தொங்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் கொத்தன் அதை வாங்கி, நெருடிப் பார்க்காமலே இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினான். அது அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைய கல்லெல்லாம் பதித்து அவன் இறங்கும்வரை வெயிலில் நின்றாள். அவன் கால் தரையைத் தொட்டதும் வீட்டுக்கு நடந்தாள்.