சுவர்ப் பராமரிப்புப் பங்களிப்பு

லெபனானில், எங்கள் ஸஹ்லே ஊரில், சாவு அறிவிப்பை அச்சடித்துச் சுவர்களில் ஒட்டாவிட்டால் அடக்கத்துக்கு ஆள் வராது. என் கணவர் வதீ இறந்த மறுநாள் காலை, மை காயாத தாள்களோடு நகராட்சி முத்திரைக்காகப் போய் நின்றேன். பிற்பகலில் மாதா கோவிலில் அடக்கம். அவரைத் தனியாக அனுப்பிவைக்க நேர்ந்துவிடுமோ என்பதுதான் என் பயம்.

எழுத்தர் நிக்கோலா, அதே அலுவலகத்தில் கட்டணப் பிரிவைப் பார்த்துவந்த வதீயிடமே வேலை பழகியவர். தாளை நிதானமாகப் படித்தார். மகன், மகள், சம்பந்தி என்று எல்லாரும் வழக்கம்போலப் பட்டம், பதவியோடு வரிசையாக இருந்தார்கள். மகன் ரஃபீக்கின் பெயரை வைத்து, அவன் அம்மா என்னை 'உம் ரஃபீக்' என்றும் அப்பா வதீயை 'அபூ ரஃபீக்' என்றும்தான் ஊரில் கூப்பிடுவார்கள்.

"உம் ரஃபீக், மனசத் தேத்திக்குங்க. ஆனா 'மருமகன் ஃபாயெஸ், நூர் ரொட்டிக்கடை உரிமையாளர்'னு போட்டிருக்கே? கடைப் பேரு வந்தா அது விளம்பரம்."

"செத்தவருக்கு எதுக்குப்பா விளம்பரம்?"

"அவருக்கு இல்ல, ரொட்டிக்கு. சுவர்ப் பராமரிப்புப் பங்களிப்பு கட்டணும்."

"சாவு அறிவிப்புக்கு வரி கிடையாதுன்னு சட்டமே இருக்கே!"

"இது வரியா? பங்களிப்பு. வரின்னா பாராளுமன்றம் கூடணும், அது எங்க கூடுது? இந்தப் பேரை வச்சதே அபூ ரஃபீக்தானே!"

உண்மைதான். பணிக்காலம் முழுக்க ஒரு வரியும் போட்டதில்லை என்று பெருமைப்படுவார் வதீ. வசூலிப்பதற்கு வேறு பெயர்தான் வைப்பார். நல்ல பெயர் அமைந்த அன்று வீட்டில் அரக் பாட்டில் திறக்கும்.

கட்டிவிடலாமென்றால், வங்கியில்தான் கட்ட வேண்டுமாம். வங்கியில் வேலைநிறுத்தம். கூட வந்த ஃபாயெஸிடம், கடைப் பெயரை அடித்துவிடலாமா என்று கேட்டேன்.

"அடிங்க மாமி. பெட்டி தூக்கவும் வேற ஆளப் பாத்துக்குங்க."

நிக்கோலா குரலைத் தாழ்த்தினார். "காணாமப் போனவங்க அறிவிப்புக்கு மட்டும் எதுவும் கிடையாது. எந்தக் கடை பேரு வேணா இருக்கலாம். அந்த முத்திரையக் குத்திடவா?"

"குத்துப்பா."

மதியத்துக்குள் ஊர்ச் சுவர்களில் எல்லாம் வதீ இருந்தார். மேலே சிலுவை, கீழே அடக்க நேரம், நெற்றியில் ஊதா நிறத்தில் 'காணவில்லை'. கோவில் கொள்ளவில்லை. பாதிப்பேர் துக்கத்துக்கு வந்தார்கள், பாதிப்பேர் என்ன நடந்தது என்று கேட்க வந்தார்கள். அவர் பெயர் வைத்த கட்டணங்களால் பேச்சை நிறுத்தியவர்கள்கூட முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்டியைத் தோளில் ஏற்றியபோது ஒரு நகராட்சிக் காவலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, ஆளு கிடைச்சாச்சுன்னா கோப்பை மூடணும். மூடுறதுக்கு மீட்புச் சேவைக் கட்டணம் உண்டு."

"அடப்பாவி, இதையுமா வச்சிட்டுப் போனாரு!" என்றார் பெட்டிக்கடியில் இருந்த ஃபாயெஸ்.

"இன்னும் தேடிட்டுதான் இருக்கோம் தம்பி," என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அப்ப ஒண்ணும் கட்ட வேண்டாம்," என்று எழுதிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி வழிவிட்டான்.