மூலையில் சிக்கிய ட்ரொலி

சுவர்கள் எழும்பிய பிறகுதான் புது ஆஸ்பத்திரி கட்டியவர்களுக்குத் தாதியரிடமும் கருத்துக் கேட்கும் ஞாபகம் வந்தது. கூட்டத்தில் வரைபடத்தைப் பார்த்ததுமே பிரசவ அறைத் தாதி பிறின்சி சொன்னாள்:

"பிரசவ அறைக்குப் போற இந்த மூலையில ட்ரொலி திரும்பாது, சேர்."

"சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம், அதைச் சொல்லுங்கோ," என்றார் பொறியியலாளர்.

பிறின்சி கூட்டத்தின் வரவுத் தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள்.

திறந்து மூன்றாம் மாதம், வங்காலையிலிருந்து இரத்தப்போக்கோடு வந்த கர்ப்பிணியின் ட்ரொலி அந்த மூலையில் சிக்கியது. போர்வையில் போட்டுத் தூக்கி ஓடுவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

விசாரணையில் பொறியியலாளர் அதே வரவுத் தாளை நீட்டினார். மேலே புதிதாக ஒரு வரி அச்சாகியிருந்தது: 'வரைபடத்துக்குத் தாதியர் சம்மதம்.'

"கையெழுத்து உங்கடதானே, சிஸ்டர்?"

"ஓம்."

பிறின்சிக்குத் தண்டனையாக இடமாற்றம் வந்தது, அதே பொறியியலாளர் கட்டி முடித்த அடுத்த ஆஸ்பத்திரிக்கு. அதே வரைபடம்.